முகத்துக்கு மட்டும் பவுடர்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரை, காந்தி சிலை, மஞ்சள் சுவர் முன்னால் நின்று ஒரு போட்டோ என்று முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். வாய்க்காலைத் தாண்டி மேற்கே வருகிறவர்கள் குறைச்சல். வந்தால், வைசியாள் வீதி பார்க்க வேண்டிய ஒன்று. கால்வே சுப்பராய செட்டியார் வீதி என்றும் அதற்குப் பெயர் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய தமிழர் வீடுகள். கீழே திண்ணையும் தாழ்வாரமும் நம்ம ஊர். மாடியில் வளைவு ஜன்னலும் பூ வேலையும் பிரெஞ்சு சாயல்.

2000-களின் தொடக்கத்தில், ஐரோப்பிய யூனியன் நிதி கொடுத்த ‘ஆசியா அர்ப்ஸ்’ திட்டத்தில் இதை மாதிரி வீதியாக எடுத்தார்கள். இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் ஒரு சிறு நகரமும் கூட்டாளிகள். இன்டாக் அமைப்பு முன்னின்று வீடுகளின் முகப்பைப் பழையபடி மீட்டது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் வந்தது.

விருது தகும். காரணம், ஒரு வீட்டை எடுக்காமல் ஒரு வீதியை எடுத்தார்கள். வரிசை வீடு என்பது ரயில் பெட்டி மாதிரி. நடுவில் ஒன்றைக் கழற்றினால் மற்றதும் நிற்காது. நடு வீட்டை இடித்து அடுக்குமாடிக்குப் பள்ளம் தோண்டினால், இதுவரை வெயிலும் மழையும் பார்க்காத பக்கத்து வீட்டுச் சுவர் திடீரென்று நனையும். அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே மண் சரியும். அப்புறம் விரிசல், அப்புறம் வக்கீல். தாழ்வாரமும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு தொடர்ந்தால்தான் நிழல். ஒரு இடத்தில் ஷட்டர் போட்டுவிட்டால் நடக்கிறவன் வெயிலில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இதெல்லாம் சரி. என் வருத்தம் வேறு. திட்டம் தெருக்கதவோடு நின்றுவிட்டது.

உள்ளே போய்ப் பாருங்கள். இந்த வீடுகளின் உயிர் முகப்பில் இல்லை, கூரையில் இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, அது. தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் சின்ன செங்கல்லைச் சாய்வாக, குத்துவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். அதற்கும் மேலே தட்டோடு. ஓரிடத்தில் தண்ணீர் இறங்கினால் சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனைதான் முதலில் உளுத்துப்போகும். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. தெருவிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியாது!

ஒழுகினால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? தெரிந்த மேஸ்திரியைக் கூப்பிடுவார். “ரெண்டு மூட்டை சிமென்ட் போதும் சார்” என்பார் மேஸ்திரி. அங்கேதான் வினை. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், காற்றில் விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உப்புப் பூத்து, நாலைந்து மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக உரியும். பெயரும்போது பழைய செங்கல்லின் மேல்தோலையும் பிடுங்கிக்கொண்டு வரும். மேஸ்திரியைக் குறை சொல்லிப் பயனில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சாந்து குழைக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தெரிந்தவருக்குக் கூலி அதிகம், நாளும் அதிகம்.

2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. அது அரசாங்கச் சொத்து. உலக வங்கி உதவியோடு மறுபடி கட்டிவிட்டார்கள். வைசியாள் வீதியில் ஒருவர் வீட்டுக் கூடம் விழுந்தால் எந்த வங்கி வரும்? உள்ளூர் வங்கியில் லோன் கேட்டாலே, “கட்டடத்துக்கு மிச்ச ஆயுசு எவ்வளவு?” என்றுதான் முதல் கேள்வி.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள்: கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, நிலத்துக்குக் கிடையாது. அந்த வரியை மனப்பாடம் செய்தவர்களில் கெட்டிக்காரர்கள் பில்டர் ஆகிவிட்டார்கள். நாலு வாரிசு. ஒருவர் பிரான்சில், ஒருவர் லாஸ்பேட்டையில், ஒருவர் யாரோடும் பேசுவதில்லை. மிச்சமிருக்கும் ஒருவர் வயதான அம்மாவோடு அந்த வீட்டில் இருக்கிறார். முற்றத்தைக் கடந்து கொல்லைக்குப் போக அம்மாவால் முடியவில்லை; படுக்கையறை பக்கத்தில் ஒரு பாத்ரூம் வேண்டும். ரிப்பேர் செலவு இவர் தலையில், விற்றால் பணம் நாலு பங்கு. வெறும் மனையாக விற்றால் வீட்டோடு விற்பதைவிடக் கூடுதல் விலை. இந்தக் கணக்கில் முகப்பின் பூ வேலைக்கு எந்தப் பத்தியில் இடம்?

ஹோட்டலாக்கலாமே என்பார்கள். சிலர் ஆக்கியிருக்கிறார்கள், அழகாகவும் செய்திருக்கிறார்கள். இடிப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் தெரு முழுக்க ஹோட்டல் ஆனால் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்க ஆள் வேண்டாமா? சம்பளத்துக்கு வைப்பார்களோ!

பொதுப் பணம் போட்டால் பொது ஜனம் பார்க்கிற இடத்தில்தான் போட வேண்டும் என்பது திட்டக்காரர்கள் தரப்பு நியாயம். புரிகிறது. ஆனால் தெருவில் போகிறவர் ரசிக்கும் அந்த முகப்பு நிற்பது உள்ளே இருக்கும் உத்தரத்தின் தயவில். ஆகவே என் கோரிக்கை ரொம்பச் சின்னது. அடுத்த முறை எந்த வீதிக்கு நிதி வந்தாலும் முதல் தவணை கூரைக்கும், இரண்டாவது முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் குழாய்க்கும், மூன்றாவது ஒரு பாத்ரூமுக்கும் போகட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவரோடு நாலு பையன்களைச் சேர்த்துவிட்டு, அவர்கள் கூலியில் பாதியைத் திட்டமே கொடுக்கட்டும். பெயின்ட் டப்பாவை அப்புறம் திறந்துகொள்ளலாம்.