கரையானுக்குப் போன பெயர்

உயிர்களின் உடலமைப்பு, இயக்கம், கூட்டு வாழ்க்கை ஆகியவற்றைப் பார்த்து, பொறியியலுக்கும் வணிகத்துக்கும் கலைக்கும் வழி தேடுவதே இயற்கைவழி வடிவமைப்பு. பழைய வழக்கம்தான். ஜானின் பென்யூஸ் 1997இல் எழுதிய நூலுக்குப் பிறகு அது ஓர் இயக்கமாகவே மாறியது. வடிவமைப்புக் கல்லூரிகளில் அது பாடமாகிவிட்டது. மேலாண்மைப் பயிலரங்குகளில் எறும்புப் புற்றும் தேன்கூடும் நிறுவன நிர்வாகத்துக்கு முன்மாதிரிகள். கலைக்கண்காட்சிக் குறிப்பேடுகளில் 'இயற்கையே ஆசிரியர்' என்ற வரியைத் தவிர்ப்பது கடினம்.

இம்முறையின் சாதனைகள் உண்மையானவை. நாயின் மயிரில் ஒட்டிய ஒட்டுக்காயை உருப்பெருக்கியில் பார்த்த ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் வெல்க்ரோவைச் செய்தார். ஜப்பானின் 500 வரிசை அதிவேக ரயில் சுரங்கப்பாதையிலிருந்து வெளிவரும்போது எழுந்த வெடியோசையை அடக்க, பறவை நோக்கும் பழக்கமுள்ள பொறியாளர் எய்ஜி நகாட்சு மீன்கொத்தியின் அலகைப் பின்பற்றி ரயிலின் மூக்கை அமைத்தார். 1997இல் அது ஓடத் தொடங்கியது. எறும்புகள் இரைக்கு வழி காணும் முறையிலிருந்து மார்க்கோ டோரிகோ 1992இல் உருவாக்கிய கணிப்புமுறை இன்று சரக்கு வண்டிகளுக்குப் பாதை வகுக்கிறது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது தமிழில் பழமொழியாகவே இருக்கிறது. ஆனால் மெழுகு பூசிய நுண்ணிய புடைப்புகளால்தான் ஒட்டுவதில்லை, உருளும் துளி அழுக்கையும் சேர்த்துக்கொண்டு போகிறது என்று மின்னணு நுண்ணோக்கி கொண்டு விளக்கியவர் வில்ஹெல்ம் பார்த்லோட். அறிந்திருப்பது வேறு, காரணத்தை நிறுவுவது வேறு. பார்த்லோட்டுக்குரிய பெயரில் யாரும் பங்கு கேட்க முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த இயக்கம் சொல்லும் கதைகளில் ஒரு பக்கம் ஓர் உயிரி, மறுபக்கம் ஒரு கண்டுபிடிப்பாளர், நடுவில் யாருமில்லை. அந்த உயிரியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, அதன் இயல்பைக் கண்டு, சோதித்து, பிறருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் கதையிலிருந்து விலக்கப்படுகிறார்கள். இயற்கைக்குப் பெயர் கொடுப்பது பணிவின் அடையாளமாகத் தோன்றும். செலவில்லாத பணிவு அது. கரையான் பங்கு கேட்காது. மீன்கொத்தி வழக்குத் தொடுக்காது.

ஹராரே நகரின் ஈஸ்ட்கேட் கட்டடம் இதற்குத் தகுந்த சான்று. மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் திறக்கப்பட்ட அந்த வணிக வளாகம், வழக்கமான குளிர்சாதன அமைப்பு இல்லாமலே வெப்பத்தைத் தாங்குகிறது. கரையான் புற்றின் காற்றோட்டமே அதற்கு முன்மாதிரி என்று உலகெங்கும் எடுத்துச் சொல்லப்படுகிறது. ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் 2008இல் எழுதிய ஆய்வுரை இந்தக் கதையின் அடித்தளத்தையே அசைத்தது. புற்றின் புகைபோக்கிகள் கூட்டைக் குளிர்விப்பதில்லை. கூட்டின் வெப்பநிலை சுற்றியுள்ள மண்ணை ஒட்டியே ஏறி இறங்குகிறது. புற்று செய்யும் வேலை நுரையீரலின் வேலைக்கு நெருக்கமானது என்பது அவர்கள் முடிவு. புற்றைப் பற்றிய தவறான புரிதலின் மேல் எழுந்த கட்டடம் நன்றாகவே இயங்குகிறது. இரவின் குளிர்ந்த காற்றை விசிறிகள் உள்ளே இழுக்கின்றன, கனத்த கான்கிரீட் அந்தக் குளிர்ச்சியைப் பிடித்துவைத்துப் பகலில் விடுகிறது, வெளிப்புற மறைப்புகள் வெயிலைத் தடுக்கின்றன, சூடான காற்று உயரமான போக்கிகள் வழியே வெளியேறுகிறது. இவற்றில் எதற்கும் கரையான் தேவையில்லை. வெப்பநாடுகளின் கொத்தர்களும் தச்சர்களும் இவற்றை நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். கனத்த சுவர், திறந்த முற்றம், காற்றை விட்டு வெயிலை வடிக்கும் மர அழி ஆகிய மூன்றும் சேர்ந்து வேலை செய்வதைப் பத்மநாபபுரம் அரண்மனையில் எவரும் பார்க்கலாம். மனிதக் கட்டடக்கலைக்குச் சேர வேண்டிய பெயர் பூச்சிக்குப் போனது. கதை சுவையாக இருந்தால் அது சரியா என்று பார்க்க யாருக்கும் அவசரமில்லை. சுறாத்தோல் நீச்சலுடையிலும் இதுவே நடந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் புகழ்பெற்ற அந்தத் துணியின் மேற்பரப்பு சுறாவின் பற்செதில்களைப் போல வேலை செய்வதில்லை என்று ஹார்வர்டின் ஜார்ஜ் லாடர் 2012இல் காட்டினார்.

திருவனந்தபுரத்தில் இதற்கு நேரெதிரான முன்னுதாரணம் உண்டு. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் அந்நகரில் கட்டிய வீடுகளும், உள்ளூர் என்ற பகுதியில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகமும் மரங்களுக்கு வளைந்து கொடுப்பவை. சரிவை வெட்டாமல் அதன் போக்கில் அமைந்தவை. இயற்கையோடு இயைந்த கட்டடம் என்று சொல்ல வேறெதையும் தேட வேண்டியதில்லை. ஆனால் தன் ஆசான்கள் என்று பேக்கர் சொன்னது மரத்தையோ மலையையோ அல்ல. இமயமலையடியில் பித்தோராகட்டில் கழித்த ஆண்டுகளில், அங்குள்ள மலைவாசிகள் கையெட்டும் தூரத்துக் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு கட்டிய வீடுகளே தனக்குப் பாடம் சொன்னதாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கட்டடங்களைப் புகழும் இன்றைய கட்டுரைகள் அந்த மலைவாசிகளை விட்டுவிட்டு மரங்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

பேக்கரின் நகரத்திலிருந்து வடகிழக்கே, பொன்முடியின் அடிவாரத்தில் உள்ள வித்துராவில் இந்தக் குறை இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. ஊரின் ஒரு பக்கம் மருதாமலையில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். பக்கத்துப் பாலோட்டில் 1979இல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, ஆராய்ச்சி நிலையம். மேலே பேப்பாறை சரணாலயமும் அகத்தியமலைக் காடும். அந்தக் காட்டில் வாழ்பவர்கள் காணிக்காரர்கள். பாபநாசம், பேச்சிப்பாறை மலைகளிலும் அவர்களின் குடியிருப்புகள் உண்டு என்பதால் தமிழ் வாசகர்களுக்குப் புதியவர்கள் அல்லர்.

1987இல் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு அகத்தியமலையில் ஏறியது. ஆய்வாளர்கள் களைத்துப்போனார்கள், வழிகாட்டிய காணிகள் சிறிய காய்களை மென்றபடி சோர்வில்லாமல் நடந்தார்கள். எந்தச் செடி என்று கேட்டபோது அவர்கள் உடனே சொல்லவில்லை. தங்கள் குலத்துக்குள் இருக்க வேண்டிய செய்தி என்று தயங்கினார்கள். வற்புறுத்தலுக்குப் பிறகே காட்டினார்கள். அது ஆரோக்கியப்பச்சை. ஜம்முவின் ஆய்வுக்கூடத்திலும் பிறகு பாலோட்டிலும் அச்செடி ஆராயப்பட்டது. அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றையும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு ஏழாண்டு உரிமம் கொடுக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது. அதைப் பெற 1997 நவம்பரில் காணிகளின் நல அறக்கட்டளை பதிவானது, 1999இல் 5.19 லட்சம் ரூபாய் அதன் கணக்கில் சேர்ந்தது.

உலகில் அப்போது இதைப் போன்ற ஏற்பாடு அநேகமாக வேறெங்கும் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்தில் ஓர் அரசு நிறுவனம் தானாக முன்வந்து பாதியைப் பகிர்ந்தது. 2002இல் ஜோகன்னஸ்பர்க் உச்சிமாநாட்டில் புஷ்பாங்கதனுக்கு ஈக்வேட்டர் பரிசு கிடைத்ததில் வியப்பில்லை. ஆனால் பரிசோடு உலகம் சுற்றிய கதையில் காட்டிய கை ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. செடியும் ஆய்வுக்கூடமும் மீதிப் பக்கங்களை எடுத்துக்கொள்கின்றன. காப்புரிமைக்கு உரியவர்களின் பட்டியலில் காணிகள் இல்லை. 'ஜீவனி' என்ற பெயரை ஓர் அமெரிக்க நிறுவனம் அங்கே வணிகக்குறியாகப் பதிந்துகொண்டபோது, கடல் கடந்து எதிர்வழக்காடும் வசதி அறக்கட்டளைக்கு இல்லை. செடியைக் காட்டில் சேகரிக்கவும் பயிரிட்டு விற்கவும் காணிகள் முற்பட்டபோது வனத்துறை குறுக்கே நின்றது. அறிவைக் கொடுத்தவர்களுக்கு இலையைப் பறிக்கும் உரிமை தெளிவாக இல்லை.

இவை எல்லாவற்றையும்விட எடை மிக்கது 1995 செப்டம்பரில் எழுதப்பட்ட ஒரு கடிதம். ஆராய்ச்சி நிலையத்தின் தொடர்பு பெரும்பாலும் குற்றிச்சல் ஊராட்சிக் காணிகளோடு இருந்தது. வித்துரா, பெரிங்ஙம்மலா பகுதிக் காணிகள் அதில் அவ்வளவாகச் சேரவில்லை. தங்கள் அறிவு தனியார் நிறுவனங்களுக்கு விற்கப்படுவதை எதிர்த்துக் காணிகளின் வைத்தியர்களான பிலாத்திகள் ஒன்பது பேர் கேரள முதலமைச்சருக்கு எழுதினார்கள். இந்தக் கடிதம் சொன்னது தொகை போதாது என்பதை அல்ல. மருந்தறிவு பிலாத்தியின் பொறுப்பு. யாருக்கு, எப்போது, எந்த நிபந்தனையில் சொல்லலாம் என்பதற்கு அந்தச் சமூகத்துக்குள் முறை இருக்கிறது. வழிகாட்டியாக வந்த இரண்டு மூன்று பேரின் தலையசைப்பு அந்த முறைக்கு ஈடாகாது. காட்டைத் திறந்த நூலகமாக நினைப்பவர்கள் இதைக் கணக்கிலெடுப்பதே இல்லை. காட்டிலிருந்து கற்கிறோம் என்று ஒரு வடிவமைப்பாளர் சொல்லும்போது அங்கே வாயிற்காப்போர் யாருமில்லை என்று கருதிக்கொள்கிறார். அகத்தியமலையில் ஒன்பது பேர் கையெழுத்திட்டு அதை மறுத்திருக்கிறார்கள்.

பாராட்டிலும் இதே பிழை நுழைகிறது. வித்துராவுக்கு அருகே பொன்முடிச் சாலையில் உள்ள கல்லாறு காட்டுக் குடியிருப்பில் வாழும் காணி வைத்தியர் லட்சுமிக்குட்டி 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். ஏறக்குறைய ஐந்நூறு மருந்துகளை நினைவிலிருந்தே செய்யக்கூடியவர், பள்ளி சென்று படித்தவர், கவிதை எழுதுபவர், கேரள நாட்டார்வழக்காற்றியல் அகாதெமியில் கற்பிப்பவர். மருத்துவத்தைத் தாயிடமிருந்து கற்றார். தாய் மகப்பேறு பார்த்தவர். இப்படி ஆசிரியர், மாணவர், பாடம் எல்லாம் உள்ள ஒரு மரபின் அறிஞரை நாளேடுகள் 'வனமுத்தச்சி', அதாவது காட்டுப் பாட்டி, என்று கொண்டாடின. அன்பான பட்டம்தான். ஆனால் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரை எவரும் வளாகத்தின் பாட்டி என்று அழைப்பதில்லை. தாயிடம் படித்த பெண்மணியைக் காட்டின் விளைபொருளாக மாற்றிவிட்டால், காடு எல்லோருக்கும் பொது என்ற அடுத்த அடி எளிது.

உயிரியையும் ஆசானையும் ஒருசேரக் குறிப்பிடுவது முடியாத காரியம் அல்ல என்பதற்குக் கலைகளிலேயே சான்று உண்டு. களரிப்பயிற்றின் வடிவுகள் யானை, சிங்கம், பாம்பு, மயில் முதலியவற்றின் நிலைகளிலிருந்து வந்தவை. ஆயினும் எந்த மாணவரும் பாம்பிடம் கற்றதாகச் சொல்வதில்லை. குருக்களின் பெயரையும் களரியின் பெயரையும் சொல்லியே தொடங்குவார்கள். தெற்கன் முறையினர் தங்கள் வரிசையை அகத்தியர் வரைக்கும் கொண்டுபோகிறார்கள். வரலாற்றளவில் அது நிற்குமா என்பது வேறு. கற்றவர் கற்பித்தவரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு அங்கே பயிற்சியின் பகுதியாகவே இருக்கிறது.

வணிகத்தில் அப்படி எதுவும் இல்லை. அகத்தியமலைக் காணிகள் யானைக்கு அஞ்சி மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டினார்கள். எந்த மரம் கனம் தாங்கும், கட்டும் கொடி மழையில் எவ்வளவு நாள் நிற்கும் என்பதெல்லாம் பட்டுத் தெரிந்த பொறியியல். கேரளத்து மலை விடுதிகள் இன்று மரவீட்டை இயற்கையின் மடியில் தங்கும் இன்பமாக விற்கின்றன. விளம்பரத்தில் கிளையும் பறவையும் மூடுபனியும் இருக்கும். கட்டத் தெரிந்தவர்கள் இருப்பதில்லை.

இயற்கையின் வடிவங்கள் யாருக்கும் சொந்தமல்ல, அவற்றுக்கு வேலி போட்டால் அறிவியல் முடங்கும் என்று இம்முறையின் ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. மீன்கொத்தியின் அலகுக்கு அது பொருந்தும். அலகை நகாட்சு நேராகப் பார்த்தார். ஆரோக்கியப்பச்சைக்குப் பொருந்தாது, அதை ஆய்வாளர்கள் பார்க்கவில்லை, அவர்களுக்குக் காட்டப்பட்டது. தானாகப் பார்த்ததா, பிறர் காட்டியதா? ஒவ்வொரு கண்டுபிடிப்பிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இயக்கத்தின் நூல்களும் விருதுகளும் அதைக் கேட்பதில்லை என்பது மறதியாகத் தோன்றவில்லை. கேட்டால் கதையின் தனிமேதை காணாமல் போய்விடுவார்.

சட்டம் இந்தக் கேள்வியைப் பாதி கேட்டிருக்கிறது. இந்தியாவில் பெறப்பட்ட உயிரியல் வளம் பற்றிய ஆய்வையோ தகவலையோ அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புக்கு அறிவுசார் உரிமை கோருவதற்கு, சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் சொன்னது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் ஏட்டில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பங்கீட்டிலிருந்து விலக்களித்தது. காணிகளின் வாய்மொழி அறிவு அந்த விலக்குக்கு வெளியே, காப்புக்குள் நிற்கிறது. 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை, மரபணு வளத்தையோ அதைச் சார்ந்த மரபறிவையோ சார்ந்த காப்புரிமை விண்ணப்பத்தில், வளம் வந்த நாட்டையும் அறிவைத் தந்த சமூகத்தையும் குறிப்பிட வேண்டும் என்கிறது. இவையெல்லாம் செடிக்கும் மருந்துக்குமான ஏற்பாடுகள். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டமோ புதிய வடிவத்தை மட்டுமே காக்கும். நெடுங்காலமாகக் கட்டப்பட்டுவரும் ஏறுமாடத்துக்கு அதில் இடமில்லை. அதை மாற்றியமைத்துப் பதிவு செய்பவர் யாரிடம் கற்றார் என்று எழுத வேண்டிய கட்டாயமும் அதில் இல்லை.