தாயை விட்டெழுதும் குடும்ப வரலாறு

கொஞ்சக் காலமாக நம்மவர்கள் குடும்ப வரலாற்று நூல்கள் போடுகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் கிழக்கிலங்கைக் குடும்பங்களைப் பற்றியவற்றை வாசிக்கும்போது ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வம்ச மரம் முழுக்க வாப்பா, அப்பா, மூத்தப்பா. உம்மா எங்கே?

1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரின் இனவியல் பற்றி வாசித்த கட்டுரைக்கு 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுப்பு எழுதினார். அது அன்றைய தேவை. அதற்குப் பிறகு அரபு மூதாதையைத் தேடுவதே நமக்கு வரலாறு என்றாகிவிட்டது. அக்கரைப்பற்றுப் பக்கத்திலோ குடி தாய்வழியில் வருவது. பள்ளிவாசல் மரைக்காயர்மாரும் குடிக் கணக்கில் வந்தவர்கள். முன்னுரையில் குடிப் பெருமை பேசிவிட்டு மரத்தை மட்டும் தந்தைவழியில் வரைந்தால் எப்படி?

பதிவேட்டை நம்பியதும் ஒரு காரணம். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி கல்யாணப் பதிவில் மணமகன் ஒப்பமிடுகிறார், வலி ஒப்பமிடுகிறார். மணமகளின் ஒப்பம் தேவையில்லை. மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு, எல்லாம் இருக்கும். அவள் கையெழுத்து இருக்காது. ஊரில் பத்து ஆதம்பாவா, பத்து மீராலெவ்வை. குடும்பப் பெயர் என்று ஒன்றும் கிடையாது. எந்த மீராலெவ்வை நம்முடையவர் என்று ஆய்வாளர் திண்டாடுகிறார்.

டச்சுத் தோம்பைத் தேடிச் சுவடிக்கூடத்துக்கு ஓடுகிறவர்களும் உண்டு. (எங்கள் ஹெவ்லொக் டவுனிலிருந்து கிட்டத்தானே!) தோம்புகள் பெரும்பாலும் கொழும்பு, காலி, யாழ்ப்பாணப் பக்கத்தவை. அம்பாறைக்காரருக்கு அதில் என்ன கிடைக்கும்?

காணி உறுதியைத்தான் பார்க்க வேண்டும். அங்கே வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். ஆகவே சீதன உறுதியில் கொடுக்கிறவர் பெயரும் வாங்குகிற மகளின் பெயரும் நொத்தாரிசு எழுதியபடி நிற்கின்றன. எல்லைகளை விடாமல் வாசிக்க வேண்டும். வடக்கே இன்னாளின் வளவு, கிழக்கே இன்னாளின் வளவு என்றிருக்கும். பல வேளை அவர்கள் அக்கா தங்கச்சிகள்; ஒரே தாயின் வளவைப் பங்கிட்டவர்கள். அந்தத் தாய்க்கு எழுதிய உறுதி எது என்று பின்னால் போனால் அவளுடைய தாய் வருவாள். காணிப் பதிவகத்து ஏட்டில் ஒரு காணியின் கைமாற்றங்கள் வரிசையாக இருப்பதால் இது நடக்கிற காரியம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

எல்லாம் பதிவாகியிருக்கும் என்றில்லை. வாய்ச்சொல்லில் கொடுத்ததும் உண்டு. ஆனாலும் இந்நூல்களை எழுதியவர்கள் பெட்டகத்தில் உம்மும்மா துணியில் சுற்றி வைத்த அந்தக் கட்டை அவிழ்த்தே பார்க்கவில்லை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.