கொடிக்கயிறும் வல்லூறும்

எங்கள் கொல்லையில் ஒரு பப்பாளி, ஒரு கொய்யா, துணி உலர்த்தும் நைலான் கொடி. சென்ற ஆண்டு கொய்யா இலைகளைச் சேர்த்துத் தையல்சிட்டு ஒன்று கூடு கட்டியது. கொடிக்கும் கூட்டுக்கும் மூன்று முழம் இருந்தால் அதிகம். ஈரத்துணியை உதறும்போது தாய்க்குருவி சற்றுத் தள்ளிப்போய்க் கத்தும்; உதறி முடித்ததும் வந்துவிடும். இருதரப்பும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. கெடுத்தது நான்.

கேமராவுக்குக் கூட்டின் வாய் தெரியவில்லை. மறைத்த இலையை ஒதுக்கி நூலால் கட்டினேன். படத்தில் விழுமென்று கொடியையும் அவிழ்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, படம் நன்றாகவே வந்தது: மங்கிய பச்சைப் பின்னணி, திறந்த மூன்று வாய்கள். பார்த்த நண்பர் 'எந்தக் காடு?' என்றார். நூலை அவிழ்க்க மறந்துபோனேன். மறுநாள் காலை காக்கை கூட்டைக் கிழித்திருந்தது. காக்கைமேல் என்ன குற்றம்? வழிகாட்டியது நூல்.

பாவமன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அந்தப் படத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'எந்தக் காடு?' என்ற கேள்வியைச் சாத்தியமாக்கியது படத்தில் இருப்பவை அல்ல, இல்லாதவை: கொடி, நூல், என் கை.

கேமராவைத் துப்பாக்கியின் வாரிசாகப் பார்க்கும் விமர்சனம் பழையது. 1882இல் மரே பறவையின் பறத்தலைப் பதிவு செய்ய உருவாக்கிய கருவியே துப்பாக்கி வடிவில்தான் இருந்தது. வேட்டைப் பயணத்தில் துப்பாக்கியின் இடத்துக்குக் கேமரா வந்ததைப்பற்றி ஸூசன் ஸோண்டாக் 1977இல் வெளிவந்த நூலில் பேசியிருக்கிறார். தமிழிலும் படம் 'பிடிக்கிறோம்', மீன் பிடிப்பதுபோல. எல்லாம் சரி. ஆனால் இந்த ஒப்புமை முக்கியமான ஒரு வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. வேட்டைக்காரன் செத்த புலிமேல் காலை வைத்துக்கொண்டு படத்துக்குள்ளேயே நின்றான். வன்முறைக்குக் கையெழுத்துப் போட்டான். நம்மவர் படத்திலோ ஆளே இல்லை. யாருமே பார்க்காதபோது நிகழ்ந்ததுபோல ஒரு பாவனை.

இந்தப் பாவனைக்குச் சட்டமும் உண்டு. அமெரிக்க நிழற்படச் சங்கம், ஃபியாப், பிரிட்டனின் ராயல் சங்கம் மூன்றும் 2015 முதல் பொதுவாக வைத்துக்கொண்ட வரையறைப்படி, இயற்கைப் படத்தில் மனிதக் கூறு இருக்கக்கூடாது என்றிருந்தது. களஞ்சியத்து ஆந்தைபோல மனித இடத்துக்குப் பழகிய உயிர்களுக்கு விலக்கு இருந்தது. படத்தில் எதையும் சேர்க்கவோ இடம் மாற்றவோ நீக்கவோ கூடாது, ஓரத்தை வெட்டுவதைத் தவிர! கணினியில் ஒரு மின்கம்பியை அழித்தால் மோசடி. விளிம்பை நகர்த்தி ஓர் ஊரையே வெளியே தள்ளினால் கலை. தமிழில் படத்தின் சட்டத்துக்கும் நீதிமன்றச் சட்டத்துக்கும் ஒரே சொல் இருப்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை.

கொல்லையை விட்டு மலைக்கு வருவோம். மதுரைக்கு அருகே அரிட்டாபட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்துபேர் போயிருந்தோம். பாறை விளிம்பிலிருந்து லகர் வல்லூறு ஒன்று எழுந்தது. கீழே ஆடு மேய்த்த பெண்ணிடம் எங்களில் ஒருவர், 'கொஞ்சம் தள்ளிப் போங்கக்கா, ஃபிரேமுக்குள்ள வர்றீங்க' என்றார். 'நான் எங்க தம்பி வர்றேன், இங்கதானே இருக்கேன்' என்றது அந்த அம்மா.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் சொச்சம் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு சுமார் 250 பறவையினங்களைச் சொல்கிறது; கூடவே ஏரிகள், சுனைகள், சமணப் படுக்கைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில். அரசாங்கக் குமாஸ்தாவின் உரைநடையை மெச்ச வேண்டிய நாள் வரும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் வல்லூறும் சுனையும் ஊரும் ஒன்றாக நிற்கின்றன. நம் படங்களில் நிற்பதில்லை.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் போனது தெரிந்தது. அரிட்டாபட்டி அதன் எல்லைக்குள் இருந்தது. ஊர்கள் திரண்டன, 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. இடைப்பட்ட வாரங்களில் ஒருவர் என்னிடம், 'இந்த மலையில் இந்தப் பறவை இருக்கிறது என்று காட்ட ஒரு படம் கொடுங்கள்' எனக் கேட்டார். நாற்பதுக்கு மேல் வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் வல்லூறு, நீலவானம், கூர்மையான இறகுகள். ராஜஸ்தானில் எடுத்தது என்றாலும் மறுக்க முடியாது. லகர் அங்கேயும் உண்டு.

கடைசியில் கிடைத்தது ஒன்றே ஒன்று, அழிக்க மறந்த படம். வல்லூறு சற்றுக் கலங்கலாக மேல்மூலையில். கீழே பாறை, ஒரு மின்கம்பம், ஆடுகள், கையைக் கண்ணுக்கு மறைப்பாக வைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அம்மா. அதைத்தான் கொடுத்தேன்.