மாதிரி உலகும் மெய்யுலகும்: இயந்திர அறிவு பற்றிய ஒரு குறிப்பு

மாதிரி உலகங்களிற் பயிற்றப்பட்ட செயற்கை நுண்ணறிவு மெய்ம்மையை விளங்கிக்கொள்ளுமா என்னும் வினா இன்று பரவலாக எழுப்பப்படுகின்றது. சிந்தனை புறவுலகை எட்டுமா என்ற பழைய மெய்யியற் பிரச்சினையே இங்கு புதுவடிவில் எழுகின்றது எனலாம். அதற்கு விடை காணுமிடம் வெறுங்கோட்பாடன்று, நடைமுறையே என்பதனை மார்க்ஸ் 1845இல் பொயர்பாக் பற்றிய குறிப்புக்களிற் சுட்டினார்.

ஓப்பன் ஏஐ நிறுவனம் 2019இல் காட்டிய இயந்திரக்கை இங்கு நோக்கத்தக்கது. றூபிக் சதுரமுகியை ஒரு கையால் திருப்பும் திறனை அது கணனியினுள் அமைந்த மாதிரி உலகிலேயே பெற்றது. அப்பயிற்சி ஏறத்தாழ 13,000 ஆண்டு அனுபவத்துக்குச் சமமானதென நிறுவனம் கணித்தது. உராய்வு, பருமன் முதலியன அவ்வுலகில் ஓயாது மாற்றப்பட்டன. மெய்யான சதுரமுகியைக் கையில் வைத்தபோது எளிதாகக் குலைக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 60 முயற்சிகள் வெற்றிபெற்றன; மிகக் கடினமாகக் குலைக்கப்பட்டவற்றில் 20 மட்டுமே. எப்பக்கத்தைத் திருப்புவது என்பதையோ மனிதர் வகுத்த வேறொரு கணிப்புமுறை வழங்கியது.

இதனை முழுமையான விளக்கமெனப் போற்றுவோரும் வெறும் பாசாங்கென ஒதுக்குவோரும் ஒரே தவறையே இழைக்கின்றனர். மாதிரி உலகினைத் தூய கருத்தாகவே இருசாராரும் கொள்கின்றனர். உண்மையில் அதன் ஒவ்வொரு விதியும், பட்டறையிலும் ஆய்வுகூடத்திலும் பொருள்களோடு பொருதிய மனித உழைப்பின் படிவாகும். பயிற்சியிற் காணாத இறப்பர்க் கையுறையை அணிவித்தபோதும் அக்கை இயங்கியமை இதனாலேயே சாத்தியமாயிற்று. எனவே அங்கு அறிவு உண்டு. ஆயின் அது வழிவந்த அறிவு.

அதன் எல்லை யாது? மனித அறிவு தேவையினின்று பிறப்பது. வானத்தைப் பிழையாகக் கணித்த உழவனுக்கு நேர்வது பட்டினி. சதுரமுகியை நழுவவிட்ட கைக்கு நேர்வது குறைந்த ஓர் எண் மட்டுமே. எதனை நாடுவது என்பதை அது தெரிவதில்லை, தெரிந்தவற்றை ஐயுறுவதுமில்லை. உலகை மாற்றும் தேவையற்றதற்கு உலகம் முழுமையாக விளங்குவதில்லை.

இவ்விவாதம் வர்க்கச் சார்பற்றதன்று. இயந்திரம் தானே விளங்கிக்கொள்கிறது எனும்போது, பண்டம் தன்னைப் படைத்த உழைப்பை மறைப்பதுபோல, அதனுட் படிந்த சமூக உழைப்பு மறைக்கப்படுகின்றது. அதன் பிழைகளுக்கு உடைமையாளர் பொறுப்பேற்காதிருக்கவும் அதுவே வழிசெய்கின்றது. இம்மறைப்பை அம்பலப்படுத்துவது முற்போக்கு விமர்சனத்தின் உடனடிக் கடமையாகும்.