கணினி தேர்ந்த கற்பூரவல்லி

உத்திரமேரூர்ப் பக்கம் குழந்தைக்குச் சளி பிடித்தால் கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து சாறு கொடுப்பார்கள். இலையின் வாசனைக்குக் காரணம் தைமால், கார்வக்ரால் போன்ற எண்ணெய்ச் சேர்மங்கள். 2020இல் இத்தகைய மூலக்கூறுகளைக் கொரோனா வைரஸின் புரதத்தோடு கணினியில் பொருத்திப் பார்த்த ஆய்வுகள் குவிந்தன. கபசுரக் குடிநீரின் சரக்குகளையும் விட்டுவைக்கவில்லை.

இந்த முறையின் பலத்தைக் குறைத்துப் பேச முடியாது. வைரஸின் முக்கியப் புரத வடிவம் 2020 பிப்ரவரி தொடக்கத்திலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட ‘இம்பாட்’ தரவுத்தளத்தில் 1,742 மூலிகைகளின் 9,596 சேர்மங்கள் இருந்தன. பொருத்திப் பார்க்கும் ‘ஆட்டோடாக் வினா’வுக்கும் காசு இல்லை. ஆய்வகம் இல்லாத சிற்றூர்க் கல்லூரி மாணவிகூட ஒரு மடிக்கணினியோடு ஆயிரம் சேர்மங்களைப் பத்தாகச் சலித்துவிடலாம்.

சிக்கல் அந்தப் பத்தை மருந்து என்று அழைக்கும்போது வருகிறது. வினாவை உருவாக்கியவர்களே தங்கள் கணிப்பில் மோலுக்குச் சுமார் 2.85 கிலோகலோரி பிழை உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். நம் கட்டுரைகளிலோ 0.3 வித்தியாசத்தில் முதலிடமும் மூன்றாமிடமும் முடிவாகின்றன! தைமாலின் மூலக்கூறு எடை வெறும் 150. இவ்வளவு சிறியது எந்தப் புரதக் குழியிலும் எப்படியாவது நுழைந்துவிடும். நுழைவது வேறு, வைரஸை நிறுத்துவது வேறு.

கணினிக்கு அடுப்பும் தெரியாது. கபசுரக் குடிநீரில் 5 கிராம் பொடியை 240 மி.லி. நீரில் போட்டு 60 மி.லி.யாகச் சுண்டவைக்கிறோம். கிராம்பும் சுக்கும் கற்பூரவல்லியும் கொதிக்கையில் வீடெல்லாம் மணக்கிறதே, அது எண்ணெய் ஆவியோடு வெளியேறும் மணம். திரையில் வென்ற சேர்மத்தில் டம்ளருக்குள் மிஞ்சுவது எவ்வளவு? குடிநீரின் பலனை நான் சந்தேகிக்கவில்லை. அதற்குச் சான்றாக இந்த எண்களை நீட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. அதன்படி, ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மீண்டும் தேர்தல் குடத்தில் இடக்கூடாது. அவர் உறவினர் பெயரும் ஆகாது. நம் ஆய்விதழ்களில் அந்தக் கண்டிப்பு இல்லை. சோதனைக் குழாய்க்கே போகாத சேர்மம் அடுத்த ஆண்டு வேறொரு நோய்க்கும் வேட்பாளராக நிற்கிறது.

வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலில் முதல் இரண்டு சேர்மங்களையாவது செல்களில் சோதித்துவிட்டு, காய்ச்சிய கஷாயத்தில் அவை எவ்வளவு இருக்கின்றன என்று அளந்துவிட்டு, பிறகு செய்தியாளர்களைக் கூப்பிடுங்கள்.