கையில் ஒட்டும் சுகர் சென்சார்: ஒருமுறை போதும், மாதாமாதம் வேண்டாம்

சுகர், பி.பி., கூடவே பத்துப் பன்னிரண்டு கிலோ கூடுதல் எடை. ஐம்பதை நெருங்கும்போது பலருக்கு இந்த மூன்றும் கூட்டாகத்தான் வருகின்றன, எனக்கும் அப்படித்தான். டாக்டரிடம் போனால், ‘எடையைக் குறைங்க, சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடுங்க’ என்கிறார். எதைப் பார்த்துச் சாப்பிடுவது என்பதில்தான் குழப்பம். இட்லியை விடு என்கிறார் ஒருவர், சப்பாத்திக்கு மாறு என்கிறார் இன்னொருவர், ராகிக் கஞ்சிதான் மருந்து என்கிறது வாட்ஸ்அப். என் உடம்பையே கேட்டுவிடலாம் என்று, சிஜிஎம் எனப்படும் தொடர் குளுக்கோஸ் சென்சாரை மேல்கையில் ஒட்டிக்கொண்டேன்.

இந்தியாவில் இவ்வகைக் கருவி பரவலாக அறிமுகமானது 2015-ல் வந்த அபாட் நிறுவனத்தின் ‘ஃப்ரீஸ்டைல் லிப்ரே ப்ரோ’ மூலம். நோயாளியின் கையில் ஒட்டி அனுப்பி, இரண்டு வாரம் கழித்து டாக்டர் எடுத்துப் பார்க்கும் கருவி அது. பிறகு நாமே போனில் பார்த்துக்கொள்ளும் வகைகள் வந்தன. அமெரிக்காவில் இன்சுலின் போடாதவர்கள் மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய முதல் சென்சாருக்கு 2024 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. நான் ஒட்டியது எந்தக் கம்பெனியுடையது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. இந்த வகை முழுவதற்கும் பொருந்துவதையே எழுதுகிறேன்.

எப்படி வேலை செய்கிறது?

சென்சார் ரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தில் உள்ள குளுக்கோஸைத்தான் அளக்கிறது. உள்ளே இறங்கும் மெல்லிய இழையில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி பூசியிருக்கும். அது குளுக்கோஸோடு வினைபுரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம்தான் போனில் எண்ணாகத் தெரிகிறது. ரத்தத்தில் ஏறும் சர்க்கரை இந்தத் திரவத்துக்கு வந்துசேர ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும் என்பதால், நீங்கள் பார்க்கும் எண் எப்போதும் சற்றே பழைய செய்தி.

ஒட்டுவது எளிது. மேல்கையின் பின்பக்கத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்ளிகேட்டரை வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊசி அப்ளிகேட்டரோடு வெளியே வந்துவிடும்; இழை மட்டும் உள்ளே நிற்கும். வலி, குளுக்கோமீட்டருக்காக விரலில் குத்துவதைவிடக் குறைவு. ஒரு மணி நேரம் கழித்து எண்கள் வரத் தொடங்கின.

குளிக்கலாம், வியர்க்கலாம். எண்ணெய்க் குளியலை மட்டும் தள்ளிப்போட வேண்டும்; எண்ணெய் பட்டால் ஒட்டுப்பசை விட்டுவிடும். இறுக்கமான ரவிக்கைக் கை அணிபவர்கள் சென்சாரைச் சற்று மேலே தள்ளி ஒட்டச் சொல்லலாம். எந்தப் பக்கம் படுப்பீர்களோ அந்தக் கை வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

தட்டில் நடந்தது

முதல் சில நாள் எதையும் மாற்றாமல் வழக்கம்போலச் சாப்பிடுவது நல்லது. ஒரு நோட்டில் நேரம், அளவு, கூட என்ன சாப்பிட்டோம் என்பதை எழுதிவைத்தால்தான் போன் திரையில் ஏறி இறங்கும் சர்க்கரைக் கோட்டுக்கு அர்த்தம் கிடைக்கும். நான் பயன்படுத்திய ஆப்பில் ஓட்மீல் இருந்தது, வற்றல் குழம்பு இல்லை. நோட்டுதான் கைகொடுத்தது.

நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி: காலையில் 130-ஐ ஒட்டி இருந்த கோடு, முக்கால் மணி நேரத்தில் 210-ஐத் தாண்டியது. இரண்டு இட்லி, பருப்பு நிறையப் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று மாற்றினேன். 170 பக்கத்திலேயே நின்றது. வயிறும் மதியம்வரை தாங்கியது. ஆக, இட்லியை விட வேண்டியதில்லை. எண்ணிக்கையைப் பாதியாக்கி, பக்கத்தில் புரதம் வைத்தால் போதும்.

பெரிய அதிர்ச்சி ராகிக் கஞ்சி. உடம்புக்கு நல்லது என்று குடித்தது, இட்லியைவிட வேகமாகக் கோட்டைத் தூக்கியது. இதில் ராகியின் குற்றம் குறைவு. மாவாக நைய அரைத்து, தண்ணீரில் குழையக் காய்ச்சிவிட்டால், குடலுக்கு உடைக்கும் வேலை மிச்சம் இருப்பதில்லை. அதே மாவை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டிச் சாப்பிட்டபோது கோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. சிறுதானியம் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர்கள், அதை எந்த உருவத்தில் சாப்பிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டில் சோற்றின் அளவைக்கூட மாற்றாமல், வரிசையை மட்டும் மாற்றிப் பார்த்தேன். நம் வழக்கத்தில் சோறும் சாம்பாரும் நடுநாயகம், பொரியல் தொட்டுக்கொள்ள. அதைத் திருப்பி, பீன்ஸ் பொரியல், கீரைக் கூட்டு, ஒரு கிண்ணம் சுண்டல் ஆகியவற்றை முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வந்தேன். உச்சம் கண்ணுக்குத் தெரிந்தே குறைந்தது. இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. நியூயார்க்கில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், காய்கறியும் புரதமும் முதலில் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு, மாவுச்சத்தை முதலில் சாப்பிட்டபோது இருந்ததைவிட ஒரு மணி நேரத்தில் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. இன்னொரு லாபம், பொரியலும் சுண்டலும் உள்ளே போன பிறகு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும் ஆசை தானாகக் குறைகிறது. எடை குறைப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டை மாடியில் கால் மணி நேரம் நடந்தால், ஏறிக்கொண்டிருக்கும் கோடு நம் கண்ணெதிரே வளைகிறது. தசைகள் இயங்கும்போது சர்க்கரையை இழுத்துக்கொள்வதே காரணம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் பத்துப் பத்து நிமிடம் நடப்பது உணவுக்குப் பிந்தைய சர்க்கரையைச் சராசரியாக 12 சதவீதம் குறைத்தது. மூட்டுவலியால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நடக்க முடியாதவர்களுக்கு இது நல்ல செய்தி.

விடியற்காலையில் எதுவும் சாப்பிடாமலே சர்க்கரை ஏறுவதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். எழுந்திருப்பதற்கு உடலைத் தயார்செய்ய, கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து குளுக்கோஸை விடுவிக்கும் நேரம் அது.

சென்சார் பார்க்காதவை

இங்கேதான் கவனம் தேவை. இரண்டு மெதுவடை சாப்பிட்ட அன்று கோடு பெரிதாக அசையவே இல்லை. நெய் மிதக்கும் வெண்பொங்கலும் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக, நிதானமாகவே ஏறியது. கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் வரும் தோற்றம் இது. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பில் 9. கோடு சமமாக ஓடுகிறதே என்று வடையும் முந்திரியும் கொறித்தால், சுகர் ரிப்போர்ட் அழகாக இருக்கும், இடுப்பு பெருத்துக்கொண்டே போகும். அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாயில் உள்ள உப்பும் சென்சார் கண்ணில் படாது. பி.பி. உள்ளவருக்கு அது பெரிய ஓட்டை.

எடை குறைப்பதே நோக்கம் என்றால், இந்தக் கருவியோடு நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் தையல்கார டேப்பையும் வாங்குங்கள். இடுப்புச் சுற்றளவு இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே நமக்கு அதிக எடைதான். 25 என்றால் உடல் பருமன். வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் வாரத்துக்குச் சில நாள் பார்த்து, அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்பதையும் எழுதுங்கள். எந்த ஆப்பும் காட்டாத உண்மை அதில் தெரியும்.

எடைதான் அடிப்படை என்பதற்கு 2018-ல் லான்செட்டில் வந்த பிரிட்டனின் ‘டைரக்ட்’ ஆய்வு நல்ல சான்று. சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களில், 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு, மருந்தில்லாமலே ஓராண்டில் சர்க்கரை நோய் தணிந்திருந்தது. அவர்கள் குறைத்தது மொத்தக் கலோரியை. ஒரு வேளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது நடக்காது.

ஆனாலும் நமக்கு இந்தச் சென்சார் பயன்படுவதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்தியர்கள் பெறும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது ஐ.சி.எம்.ஆரின் ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு. அதே ஆய்வின் 2023 கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அதன் விளிம்பில் இருப்பவர்கள் 13.6 கோடி. நம் தட்டில் எது அதிகமோ அதைத்தான் இந்தக் கருவி நன்றாகக் காட்டுகிறது.

எவ்வளவு நம்பலாம்?

ஆய்வகப் பரிசோதனையோடு ஒப்பிட்டால், இப்போதைய சென்சார்களில் சராசரியாகப் பத்து சதவீதத்தை ஒட்டிய வித்தியாசம் இருக்கும். திரையில் 150 என்றால் 135 ஆகவும் இருக்கலாம், 165 ஆகவும் இருக்கலாம். எனவே ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், கோட்டின் போக்கைப் பார்க்க வேண்டும். ஒரு நள்ளிரவில் 62 என்று அலாரம் அடித்தது. விரலில் குத்திப் பார்த்தால் 98. ஒட்டிய கையை அழுத்திப் படுத்திருந்ததால் வந்த பொய்த் தாழ்வு அது. சில மாடல்களில் அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை எண்ணை உயர்த்திக் காட்டும். ஸ்கேன், எக்ஸ்ரே எடுக்கும்முன் சென்சாரைக் கழற்ற வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள்.

ஆப் தரும் அறிக்கையில் கவனிக்க வேண்டியது, 70-க்கும் 180-க்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பது. 2019-ல் வல்லுநர்கள் வகுத்த இலக்குப்படி, பெரும்பாலான சர்க்கரை நோயாளிகளுக்கு அது 70 சதவீதத்துக்கு மேல், அதாவது ஒரு நாளில் சுமார் 17 மணி நேரம் இருக்க வேண்டும். ‘மூன்று மாத சுகர்’ எனப்படும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு இது மாற்று ஆகாது.

யார் வாங்கலாம்?

நான் வாங்கிய சென்சார் ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. அதன் ஆயுள் 14 நாள். மாதம் முழுக்க ஒட்டினால் பத்தாயிரம். வாங்கும்முன் உங்கள் போன் மாடலில் ஆப் வேலை செய்யுமா என்று கேளுங்கள். விலை குறைந்த பல போன்களில், சில சென்சார்களைத் தொட்டு ஸ்கேன் செய்யத் தேவையான என்எஃப்சி வசதி இருப்பதில்லை.

புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்டவர், ஹெச்பிஏ1சி இறங்க மறுக்கும் காரணம் தெரியாதவர், அடிக்கடி படபடப்பும் வியர்வையும் வருபவர் ஆகியோருக்கு ஒருமுறை ஒட்டிப் பார்ப்பது பணத்துக்கு உரிய பலன் தரும். இன்சுலின் போடுபவர்கள் எவ்வளவு நாள் ஒட்டுவது என்பதை டாக்டர் சொல்வார். சர்க்கரை இல்லாதவர்கள், எடை குறைக்க மட்டும் இதை வாங்க வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பதற்றப்படும் சுபாவம் உள்ளவர்களும் தவிர்க்கலாம்.

இன்சுலின் போடுபவரோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவரோ சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். உணவைக் குறைக்கும்முன் மருந்தளவு பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் முட்டை, சுண்டல் என்று புரதத்தைக் கூட்டுவதற்கும் இதுவே பொருந்தும்.

ஐந்தாயிரம் செலவழிக்க முடியாதவர்கள், வீட்டில் உள்ள குளுக்கோமீட்டரில் சாப்பிடும்முன் ஒருமுறை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். இன்று காலை உணவு, நாளை மதிய உணவு என்று வேளையை மாற்றி மாற்றிப் பார்த்தால், சில வாரத்தில் எந்தச் சாப்பாடு உங்களுக்கு ஆகவில்லை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். சென்சார் சொல்வதில் முக்கால்வாசி அதிலேயே கிடைக்கும்.

என் தீர்ப்பு: சுகர் உள்ளவருக்கு ஒருமுறை வாங்கத் தகுந்த கருவி, மாதாமாதம் வாங்கத் தேவையில்லாத கருவி. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒட்டுங்கள். ஆப் அறிக்கையோடு நோட்டையும் எடுத்துப்போங்கள். சாப்பாட்டையும் மருந்தையும் அவரோடு உட்கார்ந்து திருத்திக்கொண்ட பிறகு, மிச்ச வேலையைத் தையல்கார டேப்பும் மொட்டை மாடி நடையும் பார்த்துக்கொள்ளும்.