வெயிலுக்கு விட்ட வெள்ளைத் தாள்

பாலை வெயிலைத் தீட்டப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்களிடம் இருந்த சிறந்த கருவி, அவர்கள் தீட்டாமல் விட்ட வெள்ளைத் தாள்தான். எண்ணெய் வண்ணத்தில் ஒளியை மேலே அப்ப வேண்டும். நீர்வண்ணத்தில் அது அடியிலிருந்தே வருகிறது. 1858இல் பாலைப் பாறை நகரமான பெட்ராவுக்குப் போன ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியருக்கு இது தெரியும். நேரில் பென்சிலால் வரைந்து, நாளையும் நிறங்களையும் தாளிலேயே குறித்துக்கொள்வார். மையும் வண்ணமும் பிறகு ஏறும். அந்தக் குறிப்புகளை அவர் அழிப்பதில்லை. கண்ணால் கண்டது எது, பின்னால் சேர்த்தது எது என்பதை அவர் தாள்கள் ஒளிக்கவில்லை.

1839இல் அங்கே போன டேவிட் ராபர்ட்ஸின் தாள்களில் கட்டடங்கள் அசத்துகின்றன. மனிதர்களோ பாறையின் உயரத்தை அளக்க வைத்த அளவுகோல்களாகக் குந்தியிருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையை இங்கே தேடிப் பயனில்லை.

மனிதர்களைக் காட்டும் இந்தச் சிக்கல் ஜான் ஃபிரெடரிக் லூயிஸிடம்தான் சுவையாகிறது. கெய்ரோவில் பத்தாண்டு வாழ்ந்தவர். 1842ஆம் ஆண்டின் சினாய் முகாம் ஒன்றைத் தீட்டி 1856இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். கலை விமர்சகர் ரஸ்கின் அதை வானளாவப் புகழ்ந்தார். பின்னணியில் புனித கேத்தரின் மடாலயம். ஐரோப்பியப் பயணி காஸல்ரே பிரபு தம் சாமான்களுக்கு நடுவே சாய்ந்து கிடக்கிறார். எதிரே அந்தப் பாலைவாசிகளின் தலைவர் ஷேக் ஹுசைன் நிமிர்ந்து நிற்கிறார். இத்தகைய நுணுக்க ஓவியங்கள் ஐரோப்பியரின் இருப்பையே மறைத்துவிடுகின்றன என்று கலை வரலாற்றாளர் லிண்டா நாக்லின் 1983இல் வைத்த விமர்சனம் பல படங்களுக்குப் பொருந்தும். இதற்குப் பொருந்தாது. இங்கே ஐரோப்பியர் நடுவிலேயே இருக்கிறார். யார் வீட்டில் யார் விருந்தாளி என்பது இருவரின் உடல் தோரணையிலேயே தெரிகிறது. லூயிஸின் பார்வையை நான் மதிப்பது இதற்காகத்தான்.

அவர் கையோடுதான் எனக்கு வழக்கு. ஒளிபுகா வெள்ளையைக் கலந்து, மயிரிழைத் தூரிகையால் தாளை முழுக்க மூடிவிடுகிறார். கம்பளத்தின் நூலும் தொலைமலையும் ஏறக்குறைய ஒரே கூர்மையில் தெரிகின்றன. இடையில் காற்றில்லை, புழுதியில்லை. சூட்டில் நடுங்கும் தொடுவானமும் இல்லை. கூடாரத் துணியின் மடிப்பு தெரிகிறது, அதை நெய்த கை தெரியவில்லை.

இத்தனை உழைப்புக்கும் நீர்வண்ணம் கூலி கொடுக்கவில்லை. 1858இல் நீர்வண்ண ஓவியர் சங்கத் தலைமையைத் துறந்து எண்ணெய் வண்ணத்துக்கு மாறினார் லூயிஸ். எண்ணெய் வண்ணத்தின் வேலையை நீர்வண்ணத்திடம் வாங்கியவர், அதன் விலையையும் தேடிப் போனதில் வியப்பில்லை.